நாற்பத்தொன்றும் முப்பத்து மூன்றும் ஒரு காக்கி பேண்ட்டும்

போன வருஷம் ஆடி மாதம் நடந்தது இது. செஞ்சி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் பதினெட்டு வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பெண்களுக்கு மட்டும்தான் தைப்பேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால் கல்யாண ஜாக்கெட்டும் கிடையாது. மெஷினுக்கு எண்ணெய் போட்டுவிட்டு, சந்தில் போவோர் வருவோரை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எதிர் மாடியில் அந்த மாதம்தான் புதிதாக ஒரு ஊட்டச்சத்து மையம் திறந்தார்கள். காலையில் ஏதோ மாவு கலந்த பானம் கொடுப்பார்கள், உடம்பைக் குறைத்துக் காட்டுவார்கள் என்று பேச்சு. நடத்துகிற பெண் என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவள்தான்.

"சும்மாதானக்கா உக்காந்துனு இருக்கற? வந்து ஒரு வாட்டி ஏறி நில்லு, ஃப்ரீதான்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அதுதான் நடந்தது.

கண்ணாடிப் பலகை மாதிரி ஒரு மெஷின். மேலே நாலு மூலையிலும் வெள்ளியாய் மின்னுகிற தகடு. அதில் வெறுங்காலோடு நின்றால் எடை மட்டுமில்லாமல் உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்றும் சொல்லுமாம். செருப்பைக் கழற்றினேன். மெட்டியையும் கழற்றச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மெட்டியக் கழட்டச் சொல்றியா? உன் மெஷினும் வாணாம் ஒண்ணும் வாணாம்" என்று திரும்பிவிட்டேன்.

அவள் பயந்துபோய், சரிக்கா, மெட்டியோடேயே நில்லு என்றாள். நின்றேன். நாற்பத்தொரு சதவீதம் என்றது மெஷின். அதோடு விடாமல், உடம்பின் வயது ஐம்பத்தெட்டு என்றும் காட்டியது. எனக்கு அப்போது நாற்பத்து மூன்று.

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு இறங்கியிருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் என் அக்கா. என்னைப் போலவே பூசினாற்போல உடம்பு அவளுக்கு. நாற்பத்தைந்தாவது வயதில் ஒருநாள் காலையில் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவே இல்லை. அவள் போன வயதுக்கு எனக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் பாக்கி. மகள் பத்தாவது படிக்கிறாள். அவளை விட்டுவிட்டுப் போய்விடுவேனோ என்ற பயம் அந்த மாடிப்படியிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் செஞ்சிக்கும் வல்லத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர்களுக்கு ஓடும் மினி பஸ்ஸில் டிரைவர். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. கையும் காலும் முருங்கைக்காய். காக்கிச் சட்டையை வெளியே விட்டுக்கொண்டு வந்தால் ஹேங்கரில் மாட்டின சட்டை நடந்து வருகிற மாதிரி இருக்கும். பஸ் ஸ்டாண்டில் அவருக்குப் பெயரே குச்சி. அவர் பக்கத்தில் நான் நடந்தால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கே தெரியும்.

"மெஷினு சரியாத்தான் சொல்லுது. மெட்டியக் கழட்டினா ஒரு கிலோ கொறைஞ்சிருக்கும், ஏன்மே கழட்டல?" என்று கேலி செய்தார்.

"உங்களுக்காகத்தான் கழட்டல."

"என் உசுரு இன்னா உன் கால் வெரல்லயா இருக்குது?" என்று சிரித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார். பேச்சோடு பேச்சாக, காக்கி பேண்ட் இடுப்பில் பிடிக்கிறது, கொஞ்சம் பிரித்து விடு என்றார். பேண்ட் தைக்கிறவர்கள் பின்பக்க நடுத்தையலில் உள்ளே கொஞ்சம் துணி மடித்து விட்டிருப்பார்கள், பிறகு தேவைப்பட்டால் பிரித்து அகலமாக்கிக் கொள்வதற்காக. பிளேடை எடுத்துப் பழைய தையலைப் பிரித்து, அரை இன்ச் தள்ளி ஓட்டிக் கொடுத்தேன். துவைத்துத் துவைத்துக் காக்கி சுருங்கிவிட்டது என்று நானே சொன்னதாகவும் நினைவு.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது என் குழப்பம்.

மெட்டி போட்டதால் அளவு தப்பாக வந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம். மெஷின் இல்லாமலே டேப் வைத்துக் கணக்குப் போடலாம் என்று மகள் போனில் பார்த்துச் சொன்னாள். உயரம், கழுத்து, இடுப்பு, இடுப்புக்குக் கீழே சுற்றளவு. டேப்பா, அதுதானே நம் தொழில் என்று சந்தோஷமாக எழுந்தேன். இடுப்பில் டேப்பைச் சுற்றியதும் சிக்கல் வந்தது. எது இடுப்பு? நான் பாவாடைக்கு அளவெடுப்பது நாடா கட்டுகிற இடத்தில். போன் ஒரு பக்கத்தில் தொப்புளுக்கு நேராக என்றது. இன்னொரு பக்கத்தில் உடம்பு எங்கே ஒடுங்குகிறதோ அங்கே என்றது. என் உடம்பு எங்கேயும் ஒடுங்குவதில்லை. மூன்று இடத்தில் அளந்தோம், முப்பத்தாறு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று மூன்று விதமான சதவீதம் வந்தது. பதினெட்டு வருஷமாக ஊரில் பாதிப் பேருக்கு அளவெடுத்தவள், என் இடுப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நடுவீட்டில் டேப்போடு நின்றேன். மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சிரித்ததிலும் நியாயம் இருக்கிறது. என் கடைக்கு வருகிறவர்கள் யாரும் அளவெடுக்க நிற்கமாட்டார்கள். ஆறு வருஷத்துக்கு முந்தைய அளவு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டி, அதே அளவுதான், ஒன்றும் மாறவில்லை என்பார்கள். ஆளைப் பார்த்தாலே தெரியும், இரண்டு சுற்று ஏறியிருக்கும். நானும் வாயைத் திறக்காமல் ஒன்றரை இன்ச் கூட்டி வெட்டிவிடுவேன். சரியாக இருக்கிறது பார், நான்தான் சொன்னேனே என்று சந்தோஷமாக வாங்கிப் போவார்கள். ஊரையே இப்படி ஏமாற்றினவளுக்கு இப்போது தன் அளவு தெரியாமல் தவிப்பு.

அடுத்து, திண்டிவனம் ரோட்டில் பெண்களுக்கு என்று தனி நேரம் ஒதுக்கியிருக்கும் ஒரு ஜிம்முக்குப் போனேன். அங்கே பயிற்சி தருகிற பெண் பிளாஸ்டிக்கில் ஒரு இடுக்கி வைத்திருந்தாள். கையின் பின்பக்கம், இடுப்பின் பக்கவாட்டு, தொடை என்று தோலைச் சதையோடு பிடித்து இழுத்து, அந்த மடிப்பு எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்தாள். எனக்குக் கூச்சம் தாங்கவில்லை, நெளிந்துகொண்டே இருந்தேன். கணக்குப் போட்டு முப்பத்து மூன்று என்றாள். பத்தே நாளில் எட்டு சதவீதம் இறங்கின மகிழ்ச்சியில், திரும்பி வருகிற வழியிலேயே இரண்டு போண்டா சாப்பிட்டேன். பிறகு மனசு கேட்காமல் மறுநாள் போய், இன்னொரு தடவை பிடித்துப் பார் என்றேன். முப்பத்தைந்தரை வந்தது. போண்டாவாலா என்று கேட்டேன். இல்லை மேடம், நேற்று பிடித்த இடத்துக்கு ஒரு விரல் தள்ளிப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது என்றாள்.

சரி, மாடி மெஷினே மேல் என்று ஒரு மழை நாளில் மறுபடி அங்கே போனேன். ஈரக்காலோடு ஏறினேன். முப்பத்தேழு. பார்த்தியாக்கா, எங்கள் பானத்தின் மகிமை என்றாள் அந்தப் பெண். அவள் கொடுத்த பானத்தை நான் தினமும் கடை வாசலில் இருக்கும் செம்பருத்திக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லவில்லை. காலைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை நிற்கச் சொன்னாள். நாற்பது! அவளே திகைத்துப்போய் என் காலைக் குனிந்து பார்த்தாள்.

"பித்தவெடிப்பு ஜாஸ்தியா இருக்குதுக்கா. காஞ்ச காலுல கரண்டு சரியா ஏறாது, அதான்" என்றாள்.

"கரண்டா?" என்று அலறிக்கொண்டு நான் கீழே குதித்ததில் மெஷின் ஒரு பக்கம் எம்பிவிட்டது. கால் வழியாக மெல்லிசாக ஒரு மின்சாரத்தை அனுப்பித்தான் அது அளக்கிறதாம். உடம்பில் தண்ணீர் இருக்கிற அளவு, சாப்பிட்ட நேரம், காலின் ஈரம் எல்லாவற்றுக்கும் மாறுமாம். சின்ன வயதில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, போட்ட கொல்லையில் செருப்பில்லாமல் நடந்து நடந்து வெடித்த கால் இது. அந்த வெடிப்பும் கொழுப்புக் கணக்கில் சேர்ந்துவிட்டதே என்று எரிச்சலாக வந்தது.

கடையின் அளவு நோட்டில், வாடிக்கைக்காரர்களின் அளவுகளுக்கு நடுவே எனக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி இதையெல்லாம் எழுதி வைத்தேன். நாற்பத்தொன்று, முப்பத்தாறு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, முப்பத்து மூன்று, முப்பத்தைந்தரை, முப்பத்தேழு, நாற்பது. ஒரே ஆளுக்கு எட்டு அளவு. இதில் எது நான்? எதை நம்பிப் பயப்படுவது, எதை நம்பிச் சாப்பிடுவது என்றே புரியவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். வடித்த சோற்றைக் கொட்ட மனசு வருமா? என் பங்கும் அவர் தட்டில் விழுந்தது. அவர் ஒல்லிதானே, சாப்பிடட்டும். உருளைக்கிழங்கு வறுவல், வடை, எதை நான் ஒதுக்கினாலும் அவருக்குத்தான் போனது. அவரும் முன்பைவிட நன்றாகச் சாப்பிட்டார். அப்படிச் சாப்பிட்டும் உடம்பில் ஒட்டவில்லையே, கொடுத்து வைத்தவர் என்று வயிற்றெரிச்சல்கூடப் பட்டேன்.

காலையில் கோட்டை வரைக்கும் நடக்கவும் ஆரம்பித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு கோட்டையின் கிருஷ்ணகிரி மலையில் ஏறினோம். அறுபது, எழுபது படி போனதும் அவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். கொண்டுபோன தண்ணீர் பாட்டில் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தார்.

"நாள் முழுக்க சீட்டுல குந்தினே இருந்தா காலு மரத்துப் பூடுது. நீங்க போய்ட்டு வாங்க" என்றார்.

குச்சி உட்கார்ந்துவிட்டது, குண்டு ஏறுகிறது என்று எனக்கு ஒரே பெருமை. மேலே ஏறி நின்று அவருக்குக் கையை ஆட்டினேன். அவர் நாங்கள் நின்ற பக்கம் பார்க்காமல் வேறு எங்கேயோ பார்த்துக் கையை ஆட்டினார். வெயில் கண்ணில் படுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணி பிறந்ததும் திரும்பவும் அந்தக் காக்கி பேண்ட்டைக் கொண்டுவந்தார். பிரித்து ஓட்டிவிட்டு, உள்ளே இனிமேல் துணி இல்லை, இதோடு சரி, அடுத்த தடவை புதுசுதான் என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் சரி என்றார். என் மனசெல்லாம் நோட்டில் இருந்த எட்டு எண்ணிலேயே இருந்தது.

கடைசியில் பொறுக்க முடியாமல், நோட்டைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருக்கு அன்று டூட்டி இல்லை, வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா என்னைவிட வயதில் சின்னவர். என் பக்கத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார், கேலியாக இல்லை. எல்லாமே தோராயம்தான், பெரிய ஊர்களில் படுக்கவைத்து ஸ்கேன் மாதிரி எடுப்பார்கள், அதுதான் ஓரளவு கிட்டத்தில் வரும், உங்களுக்கு அது தேவையே இல்லை என்றார். பிரஷர் பார்த்தார், விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். இரண்டும் நன்றாக இருந்தது. அக்காவைப் பற்றிச் சொன்னேன். அதற்கென்று ஒரு நாள் இதயப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

பிறகு, தொடையிலும் கையிலும் இருக்கிற கொழுப்பைவிட வயிற்றுக்குள்ளே சேருகிறதுதான் மோசம் என்று விளக்கினார். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கவேண்டுமாம்.

"மெஷினே வேணாம்மா. கையும் காலும் ஒல்லியா இருந்தாலும் வருஷத்துக்கு வருஷம் துணி இடுப்புல மட்டும் இறுகுதுன்னா, அதுதான் பெரிய அளவு. நீங்க டெய்லர், உங்களுக்குத் தெரியாதா?"

என் ஜாக்கெட்டை நான் மூன்று வருஷமாகப் பிரித்ததே இல்லை. பிரித்தது வேறொன்று. ஆடியில் அரை இன்ச். ஆவணியில் இன்னொரு அரை இன்ச். பொங்கலுக்கு முன்பு ஒரு தடவை. அதற்கு முந்தின வருஷம்? அப்போதும்தான். உள்ளே துணி தீர்ந்துபோகிற வரைக்கும் பிரித்திருக்கிறேன். அத்தனை தடவையும் துணி சுருங்கிவிட்டது என்று நினைத்தேன்.

எழுந்து ஓடி அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தேன். "எனக்கு இன்னா? ஒடம்பு உனக்குத்தானே" என்று முரண்டு பிடித்தார். என் பையில் எப்போதும் இன்ச் டேப் இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வையுங்கள் என்று டாக்டரம்மா இடம் காட்டினார். இடுப்பு எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சட்டையைத் தூக்கினேன். அரைஞாண் கயிறு சதைக்குள் பதிந்திருந்தது. கல்யாணத்தின்போது முப்பது இன்ச் பேண்ட் போட்டவர். டேப் முப்பத்தேழு காட்டியது. அவர் உயரத்துக்கு முப்பத்திரண்டைத் தாண்டக் கூடாது.

விரலில் குத்திப் பார்த்தார்கள். டாக்டரம்மா மீட்டரை இரண்டு தடவை பார்த்தார். நானூற்றுக்குப் பக்கத்தில் இருந்தது.

"தாகம் அதிகமா இருக்கா? கண்ணு மங்கலா தெரியுதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பத்து நாளைக்கு முன்னால், பொழுது சாய்கிற நேரத்தில், ஏரிக்கரை வளைவில் பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் வந்த பிள்ளைகள் கண்ணுக்கே தெரியவில்லையாம். கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரிந்து பிரேக்கை மிதித்திருக்கிறார். கால் மரத்திருந்ததால் பிரேக்கில் விழுந்ததா என்றே முதலில் தெரியவில்லையாம். ஒரு சைக்கிளுக்கு ஒரு முழம் தள்ளி பஸ் நின்றிருக்கிறது.

"நம்ம பொண்ணு வயசுப் புள்ளைங்க. அன்னியிலேர்ந்து கண்டக்டர முன்னாடி குந்த வெச்சிக்கினு ஓட்டறன். சொன்னா வேல பூடும்னு யார்கிட்டயும் சொல்லல" என்றார்.

எனக்கு வந்தது கோபமா அழுகையா, இன்றைக்கும் தெரியவில்லை. டாக்டர் முன்னாலேயே அவர் தோளில் இரண்டு அடி வைத்துவிட்டு, அதே தோளில் சாய்ந்து அழுதேன். இத்தனை நாளாக என் பங்குச் சோற்றையும் சேர்த்து அவருக்கு ஊட்டியவள் நான்தானே. அவர் தட்டை நிரப்பி வைத்துவிட்டு, என்னை நான் அளந்துகொண்டிருந்தேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தால் சிரிக்கலாம். நான் அலைந்தது அப்படிச் சிரிக்கிற மாதிரி இல்லை.

அன்றே அவர் வண்டிச் சாவியை நான்தான் வாங்கி வைத்துக்கொண்டேன். முதலில் ஊசி, பிறகு மாத்திரை. இரண்டு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றார்கள். பஸ் ஓனரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர், நல்லவேளை சொன்னீங்க, கண் சரியானதும் வரட்டும் என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் கண் தெளிந்தது. இப்போது கண் டாக்டரின் சீட்டோடு மறுபடியும் பகல் டிரிப் மட்டும் ஓட்டுகிறார். போகிற வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே கோட்டை வரைக்கும் தினம் நடக்கிறார்.

என் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எட்டு எண்ணும் நோட்டில் அப்படியே இருக்கின்றன. மாடிப் பெண் இன்னமும் கூப்பிடுகிறாள், காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு வந்து நில்லுக்கா என்கிறாள். செம்பருத்தி மட்டும் நன்றாகப் பூக்கிறது.

இந்தச் சித்திரையில் அவர் அந்தக் காக்கி பேண்ட்டை மறுபடியும் நீட்டினார். இடுப்பில் நிற்கவில்லை, பிடித்துத் தை என்றார். மெஷினில் வைத்து ஓட்டும்போது, பழைய தையல்களின் ஊசித் துளைகள் அந்த நடுத்தையலின் ஓரத்தில் வரிசை வரிசையாகத் தெரிந்தன. மெட்டியைக் கழற்றினால் அவருக்கு ஆகாது என்று ஒரு மெஷினோடு சண்டை போட்டவள்தான், அவர் உடம்பு சொன்ன சேதியைப் பிளேடால் பிரித்துப் பிரித்துப் போட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் யார் துணியைக் கொண்டுவந்து இடுப்பைக் கொஞ்சம் பிரித்து விடுங்கள் என்றாலும், பிளேடை எடுப்பதற்கு முன் அவர்கள் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கிறேன்.